பார்ட்னர் பாஸ் சொன்ன பிறகு: டபுளா, பாஸா, வேறு வழியா?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நீங்கள் ஒரு ஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்குகிறீர்கள். இடப்பக்கத்து ஆட்டக்காரர் இரண்டு ஹார்ட் என்கிறார். பார்ட்னர் பாஸ். வலப்பக்கத்தவரும் பாஸ். இப்போது நீங்களும் பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது, அவர்கள் இரண்டு ஹார்ட் ஆடுவார்கள், அதாவது ஹார்ட்டைத் துருப்பாக வைத்து 13 ட்ரிக்கில் (சுற்றில்) எட்டு எடுக்க வேண்டும். முடிய விடக்கூடாது என்று நினைத்தால் வழிகள் சில உண்டு. டபுள் சொல்லலாம், அதாவது எதிரியின் ஏலத்துக்கான புள்ளியை ஏற்றலாம். ஸ்பேடையே இன்னொரு முறை சொல்லலாம். இரண்டாவது சூட்டைக் காட்டலாம். நோ ட்ரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) சொல்லலாம்.

பிரிட்ஜ் ஏலத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கையில் உள்ள பாயின்ட்டை (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) கூட்டி இங்கே விடை கண்டுபிடிக்க முடியாது. பார்ட்னர் வாய் திறக்காமல் என்ன சொன்னார் என்பதைப் படிக்க வேண்டும்.

பார்ட்னரின் பாஸுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, அவரிடம் நிஜமாகவே ஒன்றும் இல்லை. மற்றது, எதிரியின் ஹார்ட்டே அவரிடம் நாலைந்து வலுவாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வழி இல்லை. ஒரு காலத்தில் வழி இருந்தது: எதிரியின் ஓவர்காலுக்கு (நம் தொடக்கத்துக்கு மேல் அவர் சொன்ன ஏலத்துக்கு) மேல் நேராக டபுள் சொன்னால் தண்டனை, அதாவது இதை உங்களால் ஆடி முடிக்க முடியாது என்று பொருள். 1957-ல் ஆல்வின் ராத், டோபியாஸ் ஸ்டோனுடன் சேர்ந்து அந்த டபுளின் பொருளையே திருப்பிப் போட்டார். சொல்லாத சூட்டுகள் என்னிடம் இருக்கின்றன என்பது அதன் புதிய பொருள் ஆனது. விண்ணில் ஸ்புட்னிக் ஏறிய ஆண்டு என்பதால் அதையே பெயராகவும் வைத்தார்கள். இன்று நெகட்டிவ் டபுள் என்கிறோம். அந்த டபுளால் கிடைத்த லாபம் பெரிது. கொடுத்த விலை, ஹார்ட்டை அடுக்கி வைத்திருக்கும் பார்ட்னர் வாயை மூடிக்கொண்டு, நீங்கள் டபுள் சொல்வீர்கள் என்று நம்பி உட்கார வேண்டியிருப்பது. உங்கள் டபுள் பார்ட்னரை ஏதாவது சூட் சொல்லக் கேட்பது; பொறி வைத்திருப்பவர் அதற்குப் பாஸ் சொல்லி அதைத் தண்டனையாக மாற்றுவார்.

ஆக கேள்வி ஒன்றுதான். இந்தப் பாஸ் எந்த முகம்? அதற்கு விடை எதிரியின் சூட்டில் உங்களிடம் எத்தனை சீட்டு இருக்கிறது என்பதில் இருக்கிறது. உங்களிடம் எத்தனை பாயின்ட் என்பது பிறகுதான். புதிதாக ஆட வருபவர்கள் இந்த இடத்தில் மறுபடி பாயின்ட்டை எண்ணத் தொடங்குவதைப் பார்க்கிறேன். 12 பாயின்ட்தானே, ஏற்கெனவே தொடங்கிச் சொல்லியாகிவிட்டதே என்று பாஸ் போட்டுவிடுகிறார்கள். ஹார்ட்டை எண்ணுங்கள் என்பதுதான் நான் அவர்களிடம் சொல்லும் முதல் விஷயம்.

கழித்துப் பாருங்கள். மொத்தம் 13 ஹார்ட். உங்களிடம் ஒன்று, ஓவர்கால் செய்தவரிடம் ஐந்தோ ஆறோ. மிச்சம் ஆறோ ஏழோ மற்ற இருவரிடம். வலப்பக்கத்தவரிடம் மூன்று ஹார்ட்டும் கொஞ்சம் பலமும் இருந்திருந்தால் மூன்று ஹார்ட் என்று ஏற்றியிருப்பார். ஏற்றவில்லை. அப்படியானால் பார்ட்னரிடம் நாலைந்து ஹார்ட் இருக்க நல்ல வாய்ப்பு. அதே கணக்கை உங்களிடம் மூன்று ஹார்ட் இருக்கும்போது போடுங்கள். மிச்சம் நாலோ ஐந்தோதான். பார்ட்னருக்கு இரண்டு மூன்றுக்கு மேல் கிடைப்பது கடினம். அவருடைய பாஸ் ஹார்ட்டை மறைத்து வைத்த பொறி அல்ல, வறுமை.

டபுளும் பாஸும்

முதலில் ஒரு கை.

ஸ்பேட்: ஏஸ் குயின் 8 6 3
ஹார்ட்: 5
டைமண்ட்: கிங் ஜாக் 7 4
கிளப்: ஏஸ் 8 2

14 பாயின்ட். இதில் நான் யோசிக்கவே மாட்டேன், டபுள். பார்ட்னரிடம் இப்படி இருக்கலாம்:

ஸ்பேட்: 7 2
ஹார்ட்: கிங் ஜாக் 9 7
டைமண்ட்: குயின் 10 8 3
கிளப்: கிங் 9 5

இந்தக் கையோடு அவர் முதலில் என்ன சொல்லியிருக்க முடியும்? நெகட்டிவ் டபுள் சொன்னால் நீங்கள் ஏலத்தை வேறு பக்கம் இழுத்துப் போய்விடுவீர்கள். இரண்டு நோ ட்ரம்ப்புக்கு ஒரு பாயின்ட் குறைவு. பாஸ் சொல்லிக் காத்திருந்தார். உங்கள் டபுளுக்கு அவர் மறுபடி பாஸ் சொன்னதும் ட்ரிக்குகளை எண்ணுங்கள். ஸ்பேட் ஏஸ், கிளப் ஏஸும் கிங்கும், துருப்பில் மூன்று, டைமண்டில் ஒன்றோ இரண்டோ. ஏழு எட்டு ட்ரிக் நம் பக்கம். எட்டு எடுக்க வேண்டிய எதிரி ஐந்தோ ஆறோ எடுத்து நிற்பார். அவர்கள் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) என்றால் 500 அல்லது 800. நாமே ஏதாவது ஒரு பார்ட் ஸ்கோர் (கேமுக்குக் குறைந்த சிறிய ஏலம்) ஆடினால் கிடைப்பது 110 அல்லது 130.

இப்போது அதே 14 பாயின்ட், கை மட்டும் வேறு:

ஸ்பேட்: ஏஸ் குயின் 8 6 3
ஹார்ட்: 9 7 5
டைமண்ட்: கிங் ஜாக் 4
கிளப்: ஏஸ் 8

இதில் பாஸ். பலர் இதை ஏற்க மறுப்பார்கள், நல்ல தொடக்கக் கை ஆயிற்றே என்பார்கள். ஆனால் டபுள் சொன்னால் என்ன நடக்கும்? பார்ட்னரிடம் பொறி இல்லை என்று கழித்தல் கணக்கு சொல்லிவிட்டது. அவர் நாலைந்து பாயின்ட்டோடு மூன்று கிளப் என்பார், உங்களிடம் கிளப் இரண்டுதான். பாஸ் போட்டு இரண்டு ஹார்ட்டை எதிர்த்து ஆடுங்கள். அது விழுந்தால் (எட்டு ட்ரிக் எடுக்காவிட்டால்) நமக்கு வரவு, ஆடி முடித்தால் அவர்களுக்கு 110. இரண்டுமே தாங்கக்கூடியவை. மூன்று சீட்டு வைத்துக்கொண்டு டபுள் சொல்ல வேண்டுமானால் 18 பாயின்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் அளவு.

பிரச்சினையே இரண்டு சீட்டில்தான். கணக்கு இரு பக்கமும் சாயும், அதனால் இங்கே வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் முதலில் பார்ப்பது, என் பாயின்ட் எந்தச் சீட்டில் இருக்கிறது என்பதை.

ஸ்பேட்: ஏஸ் கிங் 8 5 2
ஹார்ட்: 6 4
டைமண்ட்: ஏஸ் 9 4
கிளப்: ஜாக் 10 3

12 பாயின்ட்தான், ஆனால் டபுள். எதிரியை எதிர்த்து ஆடும்போது இந்தக் கையில் மூன்று ட்ரிக்கை ஏறக்குறைய நம்பி இருக்கலாம். பார்ட்னர் பாஸ் சொல்லித் தண்டனையாக மாற்றினால் அவர் கணக்கில் வைத்திருக்கும் ட்ரிக்குகள் உங்களிடம் இருக்கும்.

ஸ்பேட்: குயின் ஜாக் 9 7 4
ஹார்ட்: குயின் 6
டைமண்ட்: கிங் குயின் 5
கிளப்: கிங் ஜாக் 3

இது 14 பாயின்ட். எனக்கு இது பாஸ். குயினும் ஜாக்கும் நாம் ஆடும்போது உதவும், எதிர்த்து ஆடும்போது மூன்றாவது சுற்று வருவதற்குள் துருப்பு விழுந்துவிடும். கூடவே அந்த ஹார்ட் குயின் எனக்கு ஒரு தகவல் தருகிறது: பார்ட்னருடைய ஹார்ட்டில் ஒரு படம் குறைந்துவிட்டது.

எதிரியின் சூட் எது, எந்த நிலை?

இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. இரண்டு ஹார்ட்டை டபுளோடு ஆடி முடித்தால் எதிரிக்குப் பெரிய போனஸ் தரும் கேம் கிடைத்துவிடும்: வல்னரபிள் இல்லாதபோது 470, வல்னரபிள் என்றால் 670. டபுள் இல்லாமல் 110. ஐஎம்பி ஆட்டத்தில் (புள்ளி வித்தியாசத்தை ஒரு அட்டவணைப்படி மாற்றி எண்ணும் முறை) அந்த வித்தியாசம் 8 அல்லது 11 ஐஎம்பி. ஆனால் இரண்டு டைமண்டையோ இரண்டு கிளப்பையோ டபுளோடு ஆடி முடித்தால் வெறும் 180, டபுள் இல்லாமல் 90. வித்தியாசம் 3 ஐஎம்பிதான். ஒரு ஸ்பேட் டபுளோடு முடிந்தால் 160.

ஆகவே மைனர் சூட் (கிளப், டைமண்ட்) ஓவர்காலுக்கும் முதல் நிலை (ஒன்று என்று சொன்ன) ஓவர்காலுக்கும் எதிராக நான் தாராளமாக டபுள் சொல்வேன், இரண்டு சீட்டு என்றாலும், குயின் ஜாக் கை என்றாலும். இரண்டு ஹார்ட், இரண்டு ஸ்பேட் என்று வந்தால் மட்டும் கையை இன்னொரு முறை பார்ப்பேன். மூன்றாம் நிலையில், உதாரணமாக அவர் தாவி மூன்று டைமண்ட் சொல்லியிருந்தால், பார்ட்னர் வறுமையோடு பதில் சொல்ல வேண்டிய இடம் உயர்ந்துவிடுகிறது. அங்கே வழக்கமான கைக்கு மேல் ஒரு ஏஸ் அளவு கூடுதல் பலம் வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஒற்றைச் சீட்டு இருந்தால் அதிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன்.

மேட்ச்பாயின்ட் ஆட்டத்தில் (ஒவ்வொரு போர்டிலும், அதாவது ஒவ்வொரு பங்கீட்டிலும், மற்ற ஜோடிகளைத் தாண்டினோமா என்று மட்டும் பார்க்கும் முறை) கணக்கு வேறு மாதிரி சாய்கிறது. வல்னரபிளாக இருக்கும் எதிரியை டபுளோடு ஒரே ஒரு ட்ரிக் விழச் செய்தாலே 200. நம் பக்கத்தின் 110, 140 எல்லாவற்றையும் அது தாண்டிவிடும். அவர்கள் எப்போதாவது ஆடி முடித்தாலும் போவது ஒரு போர்டுதான். துணிந்து சொல்லலாம்.

டபுளா, சொந்த சூட்டா?

ஆறு ஸ்பேட் இருக்கும்போது இரண்டு ஸ்பேட் சொல்ல வாய் துடிக்கும். சொன்னால் ஒன்று நிச்சயம்: பார்ட்னர் பொறி வைத்திருந்தால் அது வீண். அதனால் ஸ்பேடின் தரத்தைப் பார்க்கிறேன். ஏஸ் கிங் ஜாக் 9 7 5, ஒற்றை ஹார்ட், வெளியே ஒரு கிங், இப்படி இருந்தால் டபுள். ஏனென்றால் எதிர்த்து ஆடவும் இந்தக் கையில் சரக்கு இருக்கிறது. கிங் குயின் ஜாக் 10 7 3 இருந்து வெளியே ஏஸே இல்லை என்றால் இரண்டு ஸ்பேட். அந்தக் கை துருப்பாக ஆடினால் ஐந்து ட்ரிக், எதிர்த்து ஆடினால் ஒன்று.

டபுள் சொல்வதில் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. பார்ட்னர் மூன்று கிளப் என்று பதில் சொன்னால் என்ன செய்வீர்கள்? அப்போது மூன்று ஸ்பேட் சொன்னால் பெரும்பாலான ஜோடிகளின் பேச்சில் அது கூடுதல் பலத்தைக் காட்டும். ஆகவே டபுள் அட்டையைத் தொடும் முன்பே, பார்ட்னர் இரண்டு ஸ்பேட், மூன்று கிளப், மூன்று டைமண்ட் ஆகிய ஒவ்வொன்றையும் சொன்னால் அடுத்து நாம் என்ன சொல்வோம் என்று மனதில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால் டபுள் அந்தக் கைக்குரியது அல்ல.

இரண்டாவது சூட் காட்டுவதும் இதே கதைதான்.

ஸ்பேட்: ஏஸ் குயின் 9 7 4
ஹார்ட்: 8
டைமண்ட்: ஏஸ் ஜாக் 10 6 5
கிளப்: 7 3

டபுள் சொன்னால் மூன்று கிளப் பயமுறுத்தும். மூன்று டைமண்ட் சொன்னால் பொறி போகும். மூன்று கிளப்புக்கு மேல் மூன்று டைமண்ட் சொல்வது இரண்டு சூட்டைக் காட்டுவது மட்டுமே, கூடுதல் பலம் அல்ல என்று பார்ட்னரோடு பேசி வைத்திருந்தால் டபுள்தான் சிறந்தது. பேசி வைக்காதவரோடு ஆடும்போது மூன்று டைமண்ட் சொல்லிவிடுவேன்.

ஹார்ட்டே இல்லாதபோது

ஒற்றைச் சீட்டே டபுளுக்கு நல்லது என்றால் ஒன்றுமே இல்லாதது இன்னும் நல்லது என்று தோன்றும். பார்ட்னரிடம் ஹார்ட் இருக்கும் வாய்ப்பு அப்போது கூடுவது உண்மைதான். ஆனால் டபுளில் எதிரியை அடிக்க நம் பக்கம் துருப்பை உருவ வேண்டும். கையில் ஹார்ட்டே இல்லாத நீங்கள் துருப்பு ஆட முடியாது, பார்ட்னர் மட்டுமே தன் சூட்டிலிருந்து எடுத்து ஆட வேண்டியிருக்கும்.

ஸ்பேட்: கிங் குயின் ஜாக் 10 7 3
ஹார்ட்: இல்லை
டைமண்ட்: கிங் குயின் 10 8 4
கிளப்: 6 2

இதில் டபுள் சொல்வது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். பார்ட்னர் நம்பிக்கையோடு பாஸ் சொல்வார், உங்களிடமிருந்து இரண்டு ட்ரிக் வந்தாலே பெரிது. மூன்று டைமண்ட் சொல்லிக் கையை விவரியுங்கள். ஹார்ட் இல்லாமல் வெளியே மூன்று ஏஸ் இருக்கும் கை வேறு விஷயம், அதில் தயங்காமல் டபுள்.

நோ ட்ரம்ப்பும் மற்றவையும்

ஒரு கிளப், இடப்பக்கம் ஒரு ஸ்பேட், இரண்டு பாஸ். உங்களிடம் 15 முதல் 17 வரை இருந்திருந்தால், அந்த சிஸ்டம் ஆடுபவர் தொடக்கத்திலேயே ஒரு நோ ட்ரம்ப் சொல்லியிருப்பீர்கள். ஆகவே இப்போது சொல்லும் ஒரு நோ ட்ரம்ப் 18, 19 பாயின்ட்டும் ஸ்பேடில் தடுப்பும் உள்ள சமமான கை. மூன்று ஸ்பேட் இருந்தும் பாஸ் போடாமல் ஏலத்தைத் தொடர இதுதான் சுத்தமான வழி. 12 முதல் 14 வரைக்கு ஒரு நோ ட்ரம்ப் தொடங்குபவர்களுக்கு இந்த இடம் 15 முதல் 17 வரையாக இறங்கும்.

எதிரியின் சூட்டையே சொல்வது கேம் கட்டாயம் என்ற அளவு பெரிய கைக்கு. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும்.

இரண்டு இடங்களில் இந்தக் கட்டுரையின் கணக்கு செல்லாது. இடப்பக்கத்தவர் ஒரு நோ ட்ரம்ப் ஓவர்கால் செய்திருந்தால், பார்ட்னர் அதற்கு மேல் சொல்லும் டபுள் இன்றும் தண்டனை டபுள்தான். அவர் சொல்லவில்லை என்றால் அவரிடம் இல்லை, பொறி என்ற பேச்சே கிடையாது. வலப்பக்கத்தவர் பாஸுக்குப் பதிலாக மூன்று ஹார்ட் என்று ஏற்றியிருந்தால் அதுவும் வேறு ஏலம். ஹார்ட் அவர்கள் இருவருக்கும் பிரிந்துவிட்டது, பார்ட்னருக்காக நீங்கள் டபுள் சொல்ல வேண்டிய கடமை இல்லை, உங்கள் கையே போதிய பலத்தோடு இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

பார்ட்னராக உட்காரும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் நிலையில் டபுளைத் தண்டனையாக மாற்ற வெறும் நீளம் போதாது, இடைச் சீட்டுகளும் வேண்டும். ஜாக் 8 5 4 2 வைத்துக்கொண்டு ஒரு ஸ்பேட் டபுளுக்குப் பாஸ் போடாதீர்கள். மாற்றிவிட்டால் முதல் சீட்டாகத் துருப்பையே ஆடுங்கள். எதிரியின் சின்னத் துருப்புகள் தனித்தனியாக ட்ரிக் எடுக்காமல் தடுக்க அதுதான் வழி.

பார்ட்னர் யோசித்துவிட்டால்

கடைசியாக ஒரு போர்டு. என் கை:

ஸ்பேட்: கிங் குயின் 10 8 4
ஹார்ட்: 6 4
டைமண்ட்: ஏஸ் ஜாக் 5
கிளப்: குயின் ஜாக் 3

அதே ஏலம், எதிரி வல்னரபிள். இரண்டு ஹார்ட்டுக்குப் பிறகு பார்ட்னர் உடனே பாஸ் அட்டையை எடுக்கவில்லை. விரல் பிட்டிங் பெட்டியின் (ஏல அட்டைகள் உள்ள பெட்டி) மேல் நின்றது, டபுள் அட்டை வரை போய்த் திரும்பி, பத்து நொடிக்குப் பிறகு பாஸை எடுத்து வைத்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்தப் பத்து நொடி எனக்குச் சொல்லிவிட்டது, இது வறுமைப் பாஸ் அல்ல என்று.

டூப்ளிகேட் பிரிட்ஜ் (ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடும் போட்டி முறை) சட்டத்தின் 16-ஆம் விதி இந்தத் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நியாயமான வழிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், பார்ட்னரின் தயக்கம் சுட்டிக்காட்டும் வழியை நான் எடுக்கக் கூடாது. இரண்டு சீட்டு, 13 பாயின்ட். அன்று எங்களுக்குள் இதைப் பற்றி எந்த உடன்பாடும் இல்லை, ஆகவே பாஸும் நியாயமான வழிதான். பாஸ் சொன்னேன். பார்ட்னரிடம் ஹார்ட் கிங் ஜாக் 9 7 இருந்தது. எதிரி இரண்டு ட்ரிக் விழுந்தார், நமக்கு 200. டபுளோடு அது 500.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து எங்கள் சிஸ்டம் தாளில் எழுதினோம். எதிரியின் சூட்டில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ சீட்டு இருந்தால், எதிர்த்து ஆட இரண்டு ட்ரிக் நம்பிக்கையாக இருந்தால், தொடங்கியவர் டபுள் சொல்வார். மூன்று இருந்தால் பாஸ். இப்போது பார்ட்னர் பொறி வைக்கும்போது யோசிப்பதில்லை. என் டபுள் வரும் என்று அவருக்குத் தெரியும். அவர் பாஸ் மற்றப் பாஸ்களைப் போலவே அதே வேகத்தில் விழுகிறது, நான் என் ஹார்ட்டை எண்ணத் தொடங்குகிறேன்.